நிஷாதம் வரும் வரை: சிம்ப்சன்ஸ் முகப்பிசையைப் பிரித்துப் பார்க்கும் நாட்குறிப்பு

ஜூன் 2

எடுத்துக்கொண்டது ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் முகப்பிசை. 1989இல் டேனி எல்ஃப்மன் இசையமைத்தது. பழைய காலத்து வாடை அடிக்கும் ஒரு மெட்டு வேண்டும் என்று தொடரை உருவாக்கிய மாட் கிரேனிங் கேட்டார். எல்ஃப்மன் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார்.

ஸ்வரம் எழுதுவதற்கு முன் ஸ்ருதியைச் சரிபார்க்க வேண்டும். பலர் முதல் தப்பைச் செய்வது இங்கேதான். நம் பக்கம் புழங்கும் பழைய டிவிடிகளும் தொலைக்காட்சிப் பதிவுகளும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வந்தவை. நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓட வேண்டிய படத்தை 25 சட்டமாக ஓட்டுவது அந்த முறை. படம் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும், ஒலியும் கூடவே மேலே ஏறும். ஏற்றம் ஏறக்குறைய 71 சென்ட் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்), அதாவது அரைக் கட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 1 கட்டையில், அதாவது மேற்கின் C ஸ்ருதியில், இருக்கிற இந்த மெட்டு 1 கட்டைக்கும் 1½ கட்டைக்கும் நடுவில் தொங்கும். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் சேராது.

சரிசெய்ய ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தை 0.96 மடங்காக்குங்கள். சுருதியும் காலமும் சேர்ந்தே மாறும் கட்டளையைத்தான் எடுக்க வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் காலம் வேகமாகவே நிற்கும்: 160 துடிப்பில் போக வேண்டிய பாட்டு 167 காட்டும். சில வட்டுகளில் சுருதியை முன்பே திருத்தி, வேகத்தை அப்படியே விட்டிருப்பார்கள். அங்கே இதற்கு நேர்மாறாக, காலத்தை மட்டும் குறைக்க வேண்டும். எது எது என்று கண்டுபிடிக்க வழி சுலபம். 1 கட்டைத் தம்புராவைப் பின்னால் ஓடவிட்டு மெட்டின் ஷட்ஜத்தோடு ஒட்டுகிறதா என்று கேளுங்கள். முழு முகப்பு சுமார் 75 நொடி. உங்கள் பிரதியில் 72 நொடி வந்தால் அது பால் வேகம்.

ஜூன் 4

முதலில் வருவது மேகத்துக்கு நடுவில் கேட்கும் குழுக்குரல். தொடரின் பெயரை மூன்று அசையாகப் பாடுகிறது. மேல் குரல் ஷட்ஜம், பிரதி மத்யமம், பஞ்சமம்: ஸ ம2 ப. எழுத்துக்குப் பக்கத்து எண் அந்த ஸ்வரத்தின் வகையைக் காட்டும்: ம1 சுத்த மத்யமம், ம2 பிரதி மத்யமம்.

ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம் ஆறு அரைக்கட்டைத் தொலைவு, ஒரு ஸ்தாயியில் சரிபாதி. தாவி இறங்கிய இடத்தில் குரலுக்கு உட்கார முடியாது. அடுத்த அரைக்கட்டையில் பஞ்சமம் இருக்கிறது, அங்கே போனால்தான் மூச்சு விடலாம். முழு மெட்டும் இந்த மூன்று ஸ்வரத்திலிருந்துதான் விரிகிறது. லெனர்ட் பெர்ன்ஸ்டீனின் 1957ஆம் ஆண்டு இசை நாடகமான ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் ‘மரியா’ என்ற பாட்டும் இதே மூன்று ஸ்வர அமைப்பில் தொடங்கும். அங்கே அது ஏக்கம், இங்கே விளையாட்டு.

ஜூன் 5

முதல் ஐந்து ஆவர்த்தம். ஆவர்த்தத்துக்கு நாலு துடிப்பு. ஒவ்வொரு எழுத்தும் காற்புள்ளியும் அரைத் துடிப்பு, கோடு என்றால் மௌனம்.

ஸ , , க , ம , த
ப , , க , ஸ , த
ம ம ம ப , , , –
– ம ம ம ப நி , ,
ஸ ஸ ஸ ஸ ,

இரண்டாம் வரியின் கடைசித் ‘த’ முதல் நாலாம் வரி முடிய எல்லாமே கீழ் ஸ்தாயி. மேல் தைவதம் வரை ஏறி, அங்கிருந்து கீழ்த் தைவதத்துக்கும் மத்யமத்துக்கும் சரிகிறது.

ஸ்வரத்தை விடுங்கள், முதலில் கையால் தட்டிப் பாருங்கள். முதல் இரண்டு வரிகளின் கணக்கு 3, 2, 2, 1. சொல்லாகச் சொன்னால் தகிட தக தக த. எட்டு அரைத் துடிப்பில் ஸ்வரம் விழும் இடங்கள் 1, 4, 6, 8. தாளத்தின் தட்டு விழுவது 1, 3, 5, 7. ஆக, வரியின் முதல் ஸ்வரம் மட்டுமே தட்டோடு சேர்கிறது, மற்ற மூன்றும் தட்டுக்கு நடுவில் விழுகின்றன. அடுத்த வரியின் முதல் ஸ்வரம் திரும்பவும் சமத்தில், அதாவது ஆவர்த்தத்தின் முதல் தட்டில், வந்து சேரும். மெட்டு தடுக்கி ஓடுவதுபோல் ஒலிப்பதற்கு வாத்தியங்களைக் காட்டிலும் இந்தக் கணக்கே காரணம்.

மூன்றாம் வரியும் நாலாம் வரியும் இன்னும் அழகு. ‘ம ம ம ப’ இரண்டிலும் வருகிறது. மூன்றாம் வரியில் எடுப்பு சமத்தில், நாலாம் வரியில் அரைத் துடிப்பு தள்ளி. அந்த மௌனத்தை விட்டுவிட்டு எழுதினால் நாலாம் வரி ஏழு அரைத் துடிப்போடு குறைபட்டு நிற்கும், அடுத்த வரியின் ஷட்ஜம் சமத்தைத் தவறவிடும். எழுதியது பதிவோடு ஒட்டவில்லையென்றால் முதலில் அங்கே பாருங்கள்.

ஜூன் 7

இந்த மெட்டு எந்த ஸ்வர வரிசையில் இருக்கிறது என்று இணையத்தில் யாரைக் கேட்டாலும் ‘லிடியன் டாமினன்ட்’ என்று சொல்லிவிடுவார்கள். முடிவு சரிதான். ஆனால் மேலே எழுதிய ஐந்து வரியை வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு எந்த இடத்தில் வரலாம் என்று பார்ப்பதில்தான் மெட்டின் சாமர்த்தியம் தெரியும்.

முதல் மூன்று வரிகளில் உள்ள ஸ்வரங்கள் ஸ, க3, ம2, ப, த2. ரிஷபம் இல்லை, நிஷாதமும் இல்லை. பிரதி மத்யமம் கேட்டதும் நம் காது கல்யாணி என்று கை தூக்கிவிடும். மேற்கில் அதை லிடியன் என்பார்கள். 65ஆவது மேளமான (தாய் ராகமான) மேசகல்யாணிக்கும் 64ஆவது மேளமான வாசஸ்பதிக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஸ்வரம்: முன்னதில் காகலி நிஷாதம், பின்னதில் அதற்கு அரைக்கட்டை கீழே உள்ள கைசிகி நிஷாதம். மூன்று வரி முடியும் வரை மெட்டு எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது.

நாலாம் வரியில் ஆறாவது அரைத் துடிப்பில், தட்டு விழாத இடத்தில், நிஷாதம் முதன்முறையாக வருகிறது. அது கைசிகி. அந்த ஒரு ஸ்வரம் முன்னால் போன மூன்று வரியையும் பின்னோக்கி வாசஸ்பதியின் ஸ்வரங்களாக மாற்றிவிடுகிறது. மேற்கில் ‘லிடியன் டாமினன்ட்’ என்பது இந்த வரிசையைத்தான். உடனே அடுத்த சமத்தில் ஷட்ஜம்.

இந்த இடத்தில் காகலி நிஷாதத்தை வைத்துப் பாடிப் பாருங்கள். நிஷாதத்துக்கும் ஷட்ஜத்துக்கும் அரைக்கட்டைதான் இடைவெளி, இழுத்துக்கொண்டு போய் ஷட்ஜத்தில் சேர்த்துவிடும். பாட்டு முடிந்த திருப்தி வந்துவிடும். கைசிகியில் இடைவெளி முழுக் கட்டை, அந்த இழுப்பு இல்லை. இந்த ஸ்வர வரிசையில் அரைக்கட்டை இடைவெளி இரண்டே இடத்தில் இருக்கிறது: மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் ஒன்று, தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில் ஒன்று. ஷட்ஜத்துக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. அதனால்தான் எல்ஃப்மன் ‘ம ம ம ப’வை இரண்டு முறை அழுத்துகிறார். இழுப்பு உள்ள இடம் அது. ஷட்ஜத்தை நிலைநாட்ட இழுப்பு போதாமல், கடைசி வரியில் ஒரே ஸ்வரத்தை நாலு முறை அடித்து உட்காரவைக்கிறார்.

காதைப் பழக்க, பாபநாசம் சிவனின் ‘பராத்பரா பரமேஸ்வரா’ கீர்த்தனத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள். வாசஸ்பதியின் நிஷாதம் மனத்தில் நின்றுவிடும், பிறகு இந்த நாலாம் வரியில் சந்தேகமே வராது.

ஜூன் 8

நிஷாதத்தைக் கண்ணால் உறுதிசெய்ய, ஒலியின் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் உதவும். வாசித்த கைசிகி என்றால் 233, 466, 932 ஹெர்ட்ஸ் என்ற வரிசையில் கோடு விழும். காகலி என்றால் 247, 494, 988.

ஒரு பொறி இருக்கிறது. பித்தளை வாத்தியம் உரக்க ஷட்ஜம் ஊதினால் அதன் ஏழாவது மேல்சுரம் (அடிப்படை அதிர்வெண்ணின் ஏழு மடங்கில் கூடவே ஒலிப்பது) கைசிகி நிஷாதத்துக்கு மிக அருகில் விழும். நடு ஸ்தாயி ஷட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ், அதன் ஏழு மடங்கு சுமார் 1831. வாசிக்கப்பட்ட நிஷாதமானால் அந்த ஸ்தாயியில் 1865இல் இருக்க வேண்டும். வித்தியாசம் ஏறக்குறைய 31 சென்ட். முதல் வரியிலேயே நிஷாதம் இருப்பதாகச் சிலர் எழுதி வைப்பது இந்தக் கோட்டைப் பார்த்துத்தான். 1831 என்றால் அது ஷட்ஜத்தின் நிழல், ஸ்வரமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். ஸ்பெக்ட்ரோகிராமின் சாளர அளவைப் பெரிதாக்கி வைத்தால்தான் இந்த 34 ஹெர்ட்ஸ் பிரிந்து தெரியும். 8192 போதும்.

இந்த ஸ்வர வரிசைக்கு மேற்கில் ‘அகூஸ்டிக் ஸ்கேல்’ என்றும் பெயர் உண்டு. எட்டிலிருந்து பதினாலு வரையிலான மேல்சுரங்களை வரிசைப்படுத்தினால் கிட்டத்தட்ட இதே ஏழு ஸ்வரங்கள் கிடைக்கும். கிட்டத்தட்டத்தான்: பதினோராவது மேல்சுரம் 551 சென்ட், பியானோவின் பிரதி மத்யமம் 600.

ஜூன் 11

அப்படியானால் இது வாசஸ்பதி ராகமா? இல்லை. ஸ்வரஸ்தானம் ஒன்று, ராகம் வேறு. இங்கே கமகம் கிடையாது, எல்லாம் தட்டையான ஸ்வரம். மேல் தைவதத்திலிருந்து பஞ்சமம், அங்கிருந்து ‘க ஸ த ம’ என்று மளமளவென்று சரியும் போக்கு ராகத்தின் சஞ்சாரம் ஆகாது, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) ஒன்றைப் பிரித்து வாசிக்கும் பழக்கம். மேளத்தின் எண்ணை அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஜூன் 14

எந்தப் பருவத்தின் பதிவை எடுக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். இரண்டாம் பருவத்தில் வாத்திய அமைப்பு மாறியது. மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் ஆல்ஃப் கிளாசன் அமைத்த வடிவம் வந்தது. 1990 முதல் 2017 வரை தொடருக்கு இசையமைத்தவர் அவர். ஒரு பருவத்தின் மேல் குரலையும் இன்னொன்றின் அடிக்குரலையும் கலந்து எழுதினால் எந்தப் பதிவோடும் ஒட்டாது.

முகப்பின் நீளமும் மூன்று வகை: சுமார் 75 நொடி, 45 நொடி, 25 நொடி. அத்தியாயத்தின் நீளத்தைப் பொறுத்து எதைப் போடுவது என்று முடிவாகும். வடிவத்தை ஆராய 75 நொடியைத்தான் எடுக்க வேண்டும். குறுகியவற்றில் இடைப்பகுதி வெட்டப்பட்டிருக்கும், அந்த ஒட்டை இசையமைப்பாளர் செய்த திருப்பம் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. முகப்பில் லிசா என்ற பாத்திரம் வாசிக்கும் சாக்ஸபோன் துண்டு அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும், அதை மெட்டின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஜூன் 17

ஒப்பிட ‘தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ என்ற பழைய கார்ட்டூன் தொடரின் முகப்புப் பாட்டு. தொடர் 1960இல் ஆரம்பித்தது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு மூன்றாம் பருவத்தில், 1962இல்தான் முகப்புக்கு வந்தது. இசை ஹாய்ட் கர்ட்டின்.

ப , ஸ , – ஸ , த
ப , ஸ , – ப , ம
க க ம ப ஸ , ரி ,
க , , ,

முதல் வரியின் இரண்டாவது ஷட்ஜம் மட்டும் மேல் ஸ்தாயி. மத்யமம் சுத்தம். இங்கேயும் நிஷாதம் இல்லை! ஆக, ஹரிகாம்போதியா சங்கராபரணமா, 28ஆ 29ஆ என்று மெட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிம்ப்சன்ஸில் 64ஆ 65ஆ என்று நின்ற அதே கேள்வி, மத்யமம் மட்டும் மாறியதால் சரியாக 36 எண் கீழே.

ஆனால் விடை வரும் வழி வேறு. எல்ஃப்மன் நிஷாதத்தை மெட்டிலேயே வைத்தார். கர்ட்டின் அதைக் கார்டுக்குள் வைத்திருக்கிறார். பாட்டின் கார்டு ஓட்டம் ஜாஸில் ‘ரிதம் சேஞ்சஸ்’ எனப்படுவது. ஜார்ஜ் கெர்ஷ்வினின் 1930ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. ஷட்ஜக் கார்டு, தைவதக் கார்டு, ரிஷபக் கார்டு, பஞ்சமக் கார்டு என்று சுற்றி வரும். பஞ்சமக் கார்டின் ஸ்வரங்கள் ப, நி3, ரி2, ம1. காகலி நிஷாதம் அங்கே ஒளிந்திருக்கிறது. எனவே 29.

கார்டு ஓட்டத்தைக் கேட்க: மேல் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரை 250 ஹெர்ட்ஸில் வைத்து, பேஸ் (அடிக்குரல்) ஸ்வரத்தை மட்டும் எழுதுங்கள். காலத்தைப் பாதியாக்கினால் போதும், அதற்கும் மெதுவாக்கினால் பேஸின் ஓசை குழைந்துவிடும்.

ஜூன் 18

ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் நடுப்பகுதி. எட்டு ஆவர்த்தம், நாலு கார்டு, ஒவ்வொன்றும் இரண்டு ஆவர்த்தம். பேஸ் போகும் வழி க, த, ரி, ப. நான்கும் (கார்டின் அடி ஸ்வரத்திலிருந்து எண்ணினால்) ஏழாம் ஸ்வரம் சேர்ந்த கார்டுகள். சங்கராபரணத்துக்கு வெளியே உள்ள ஸ்வரங்கள் திடீரென்று நுழைவதால் ஸ்ருதி மாறிவிட்டது என்று தோன்றும். மாறவில்லை. ஒவ்வொரு கார்டின் மூன்றாம் ஸ்வரத்தையும் ஏழாம் ஸ்வரத்தையும் மட்டும் பிடித்துப் பாருங்கள், இரண்டு இறங்கு வரிசை கிடைக்கும்.

த1, ப, ம2, ம1
ரி2, ரி1, ஸ, நி3

இரண்டும் அரைக்கட்டை அரைக்கட்டையாக இறங்குகின்றன. முதல் வரிசை சுத்த மத்யமத்தில் நின்று காந்தாரத்துக்கு இறங்கும், இரண்டாவது காகலி நிஷாதத்தில் நின்று ஷட்ஜத்துக்கு ஏறும். இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து, பதிவை ஓடவிட்டு, கார்டு மாறும்போது ஒரு ஸ்வரம் இறங்கிப் பாடினால் போதும். தப்பான இடத்தில் இறங்கினால் உடனே கரகரக்கும். பெரும்பாலும் இரண்டாவது கார்டில்தான் அவசரப்பட்டு ஒரு ஆவர்த்தம் முன்னே இறங்கிவிடுவார்கள், இரண்டு ஆவர்த்தம் முழுதாக எண்ணுங்கள்.