பஃபருக்குப் பல் வெட்டியாச்சு. மல்லுக்கட்டு முழுக்க கிராம்பு எண்ணெயோடுதான்

ஒருவழியாக வாய் மூடுகிறது. 9 சென்டிமீட்டர் பச்சைப்புள்ளி பஃபர், பயந்தால் பந்தாக உப்பும், பல் ஓயாமல் வளரும் தொட்டி மீன். கீழ்ப்பல் தட்டு மேல்தட்டைத் தாண்டி 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. இறாலைக் கவ்வும், கடிக்க வராது, துப்பும், திரும்பப் போய்க் கவ்வும். வயிறு ஒட்ட ஆரம்பித்த பிறகு "நத்தை போட்டால் தேய்ந்துவிடும்" என்று உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. ஓட்டை உடைக்க முடிகிற பல்லைத்தான் நத்தை தேய்க்கும்.

முதல் முயற்சி சொதப்பல். பழி கைமேலும் இல்லை, பல் வெட்டும் நிப்பர்மேலும் இல்லை, மீனை மயக்கும் கிராம்பு எண்ணெய்மேல்தான். டப்பாத் தண்ணீரில் நேராகச் சொட்டு விட்டால் எண்ணெய் கரையாது. கொஞ்சம் மேலே படலமாக நிற்கும், மிச்சம் அடியில் முத்து முத்தாக உட்காரும். நடுவில் நீந்தும் மீனுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். பத்து நிமிடம் கழித்து அரை மயக்கத்தில் பிடித்தால் பந்தாக உப்பிவிடும். உப்பிய பஃபரின் வாய்க்குள் நிப்பரை நுழைக்கவே கூடாது.

இரண்டாவது முறை வேலை செய்த கணக்கு இது. 50 மில்லி கண்ணாடிக் குப்பியில் வெதுவெதுப்பான தொட்டித் தண்ணீர். அதில் 0.25 மில்லி கிராம்பு எண்ணெய். சொட்டுக் கணக்கை நம்ப வேண்டாம், டிராப்பருக்கு டிராப்பர் மாறும். மில்லிக்கு 40 யூனிட் (U-40) இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் என்பது சரியாக 0.25 மில்லி. மூடியை இறுக்கி, பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். ஒவ்வொரு தடவை உறிஞ்சும் முன்பும் திரும்பக் குலுக்க வேண்டும், ஏனென்றால் சில நிமிடத்திலேயே பிரிந்துவிடும். பிளாஸ்டிக் குப்பி வேண்டாம், சில வகையை இந்த எண்ணெய் தின்றுவிடும்.

மயக்க டப்பாவில் 3 லிட்டர் தொட்டித் தண்ணீர், காற்றுக்குமிழி விடும் ஓர் ஏர் ஸ்டோன். குப்பியிலிருந்து 10 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு ஏறக்குறைய 17 மில்லிகிராம் சேரும். மூன்று நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த 10 மில்லி. முதலில் ஒரு பரபரப்பு, பிறகு ஒருபக்கமாகச் சாய்வு, அப்புறம் வயிறு மேலே. மூன்றாவது ஊற்றில், அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம் வாக்கில், வால் அடியை லேசாகக் கிள்ளியும் அசைவில்லை. அதுதான் வெட்டும் நேரம். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியது பக்கத்துடுப்புக்கு முன்னால் இருக்கும் சின்னச் செவுள் பிளவு. அது சீராகத் திறந்து மூடினால் சரி. விட்டு விட்டு அடித்தால் பல்லும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும்.

எண்ணெய் வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சில குப்பிகளில் வேறு எண்ணெய் கலந்திருக்கும். சோதிப்பது சுலபம்: சுத்தமான கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், சொட்டைக் குச்சியால் அமுக்கினால் அடிக்குப் போய்விடும். எவ்வளவு அமுக்கினாலும் மேலேயே வந்து மிதந்தால் கலப்படம். பல் மருத்துவச் சாமான் கடைகளில் விற்கும் யூஜினால் (கிராம்பு எண்ணெயின் மயக்கும் சரக்கு) நம்பகமானது, ஆனால் அது வீரியம் கூடியது. இந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் மெதுவாக ஊற்றவும்.

வெட்டு என்னவோ இருபது நொடி வேலை. நகவெட்டி கூடாது, வளைந்த வாய் பல்லை நசுக்கிப் பிளக்கும். நகக்கண் சதை வெட்டும் க்யூட்டிகிள் நிப்பர், வாய் 5 மில்லிமீட்டர், நுனி சேர்ந்து மூடுகிறதா என்று ஒரு தாளை வெட்டிப் பார்த்துவிட்டு எடுக்கவும். பஃபருக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு தட்டு. நடுக்கோட்டைக் குறுக்கே கவ்வி ஒரே வெட்டாக வெட்டினால் விரிசல் ஈறுவரை ஓடும். இடது பாதி தனி, வலது பாதி தனி. உதட்டுக்கு இணையாக, அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக. ஈர கையுறையில், தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தால் காற்றை விழுங்காது. துணுக்கு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளவும். வலை மட்டும் எந்தக் கட்டத்திலும் வேண்டாம், தோலில் உள்ள முட்கள் சிக்கிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் டம்ளர் போதும்.

மீட்பு டப்பாவில் அதே உப்பு, அதே சூடு. இந்தத் தொட்டியின் எஸ்.ஜி., அதாவது உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி, 1.010. செவுளுக்குத் தண்ணீர் ஓடும்படி ஏர் ஸ்டோன் பக்கத்தில் வாயைக் காட்டிப் பிடிக்க, நான்காவது நிமிடம் துடுப்பு அசைந்தது. முந்தின நாள் பட்டினி போட்டதால் வாந்தி இல்லை. மறுநாள் நறுக்கிய இறால், மூன்றாம் நாள் ஒரு குட்டி நத்தை. மேல்தட்டின் இடது ஓரம் இன்னும் கொஞ்சம் பாக்கி. இரண்டாம் முறை செவுள் தளர்வது தெரிந்ததும் நிறுத்தியாகிவிட்டது, இரண்டு வாரம் கழித்துத்தான் அது.

பட்டாணி பஃபர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிப்பர் வாங்க ஓட வேண்டாம். கேரளத்து ஆற்றுக்கார அந்தக் குட்டிக்குப் பல் வெட்டும் நிலை வருவதே அபூர்வம், அந்த உடம்புக்கு மயக்கக் கணக்கும் கைப்பிடியும் சரிவராது. எதிர்ப்பக்கம், இரண்டடிக்கு மேல் வளரும் ம்பு (Mbu) பஃபருக்கு நிப்பர் பத்தாது. அது மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் சுழல் அரம் வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

இப்போது கவனம் முழுக்க நத்தைத் தொட்டிமேல். மாதக்கணக்கில் ஃப்ரோசன் பிளட்வார்மும் (உறைந்த சிவப்புப் புழு) உரித்த இறாலும் போட்டதன் விலைதான் இந்த வெட்டு. இறாலே தினம் போட்டால் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் தொல்லை வேறு. 40 லிட்டர் டப்பில் ராம்ஸ்ஹார்ன் நத்தை. ஓடு மெலிந்தால் பல்லுக்கு வேலையில்லை என்பதால் சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடைக் கடல்நுரை ஒரு துண்டு. கணவாய் ஓடுதான் அது, செல்லப்பிராணிக் கடையில் கிளிக்கு என்று அதையே கூடுதல் விலைக்கு விற்பார்கள். சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் செடி வாங்கினாலே நத்தை இலவசமாக வந்துவிடும். வயலிலிருந்து அள்ளி வருவதில் பூச்சிமருந்து பயம் உண்டு. மலேசியன் டிரம்பட் நத்தை மட்டும் வேண்டாம், அந்தக் கூம்பு ஓட்டில் பல் சில்லு பெயரலாம். உப்புத் தண்ணீரில் ராம்ஸ்ஹார்ன் அதிக நேரம் தாங்காது, ஒரு வேளைக்கு மூன்று நான்கு போட்டு, தின்னாததை அன்றே எடுத்துவிட வேண்டும். வாரம் ஒருநாள் ஓட்டோடு நண்டுக்கால். டப்பில் முட்டைக்கொத்து தெரிகிறது, பொரிந்து பட்டாணி அளவு வரும்வரை நண்டுக்காலை வைத்தே ஓட்ட வேண்டியதுதான்.