பெட்டியில் வரும் பசுமைக்குடில்

உறுப்புகளாகப் பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ளும் பசுமைக்குடில் கிட் வாங்க எண்ணுபவர்கள் யோசனை கேட்டால், விளம்பரப் படத்தை ஒதுக்கிவிட்டு முதலில் அதன் மொத்த எடையைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரே அளவுள்ள இரண்டு குடில்களில் ஒன்று மற்றதைவிடக் கணிசமாக இலேசாக இருந்தால், அந்தக் குறைவு பெரும்பாலும் அலுமினியச் சட்டங்களின் கனத்திலும் உறைத் தகட்டின் தடிமனிலும் கைவைத்ததால் வந்ததாகவே இருக்கும். ஒளி ஊடுருவும் எந்த உறையும் வெயிலை உள்ளே விட்டுவிடும். அதில் கிட்டுக்குக் கிட்டு பெரிய வேறுபாடு இல்லை. பலத்த காற்றில் குடில் நிற்குமா, உள்ளே சேரும் வெப்பத்தை நேரத்துக்கு வெளியேற்றுமா என்பவைதாம் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன. என் வீட்டுக் கொல்லையில் ஒரு குடிலை எழுப்பி, அதனுள் நாற்றுகளை வளர்த்து வரும் அனுபவத்தில் இந்த இரண்டையும் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்.

வெப்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டியது அது. கண்ணாடி வெப்பக் கதிர்களை வெளியே விடாமல் மறிப்பதாலேயே குடில் சூடாகிறது என்று பரவலாக நம்பப்படுகிறது. இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1909ஆம் ஆண்டில் இதை எளிய முறையில் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிர்களைத் தடுக்காத பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சூடாயின. சூடான காற்று மேலெழுந்து கலைந்து போக வழியின்றி அடைபட்டு நிற்பதுதான் குடிலின் வெப்பத்துக்கு முதன்மையான காரணம் என்பதே இதன் பொருள். அப்படியானால் அந்த வெப்பத்தை ஆளும் கருவியும் சாளரங்கள்தாம். கூரைச் சாளரங்களின் மொத்தப் பரப்பு தரைப் பரப்பில் 15 முதல் 20 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது தோட்டக்கலையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவு. 6 அடிக்கு 8 அடிக் குடிலின் தரை 48 சதுர அடி. அதில் 20 விழுக்காடு என்றால் ஒன்பதரைச் சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாகத் திறப்பு வேண்டும். சிறிய கிட்டுகளிலோ இரண்டடிச் சதுரமான ஒரே சாளரம்தான் பெரும்பாலும் வருகிறது, அதாவது தேவையில் பாதிகூட இல்லை. ஆகவே கூடுதலாக ஒரு கூரைச் சாளரத்தையும், சுவரின் அடிப்பகுதியில் பொருத்தக்கூடிய, சாய்த்துத் திறக்கும் பட்டைகள் கொண்ட ஒரு லூவர் சாளரத்தையும் கிட்டுடன் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. கீழே குளிர்ந்த காற்று நுழைய வழியிருந்தால்தான் மேலே சூடான காற்று தடையின்றி வெளியேறும்.

சாளரத்தைத் தானாகத் திறக்கும் கருவி ஒன்று தனியாகக் கிடைக்கிறது. மெழுகு அடைத்த உருளை ஒன்று அதில் உண்டு. வெப்பம் ஏறும்போது மெழுகு விரிந்து உள்ளிருக்கும் தண்டைத் தள்ளிச் சாளரத்தைத் திறக்கிறது, குளிரும்போது சுருங்கி மூடுகிறது. மின்சாரம் எதுவும் தேவையில்லை. பகல் முழுவதும் வீட்டில் இருக்க முடியாதவர்கள் இதைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். சிறிய குடிலில் காற்றின் கொள்ளளவு குறைவு என்பதால், மேகம் விலகிய சற்று நேரத்திலேயே வெப்பம் சட்டென்று ஏறிவிடும். 35 பாகை செல்சியசுக்கு மேல் தொடர்ந்து நின்றால் தக்காளிப் பூக்கள் காய் பிடிக்காமல் உதிரத் தொடங்கும். மென்மையான நாற்றுகளோ அதற்கும் முன்பே வாடிவிடும். இதே காரணத்தால், இடம் இருக்குமானால் மிகச் சிறிய அளவை விட்டுவிட்டு அடுத்த அளவை வாங்குமாறு சொல்வேன். பெரிய குடில் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிரும் என்பதால் அதைப் பராமரிப்பது எளிது.

உறையைப் பொறுத்தவரை கண்ணாடி, பாலிகார்பனேட், பாலித்தீன் தாள் என மூன்று வகைகள் உள்ளன. கண்ணாடி ஒளியை மிகத் தெளிவாக விடும், நெடுநாள் மங்காது. ஆனால் சாதாரண 3 மி.மீ. கண்ணாடி உடைந்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும் என்பதால், குழந்தைகள் நடமாடும் வீட்டில் பதப்படுத்திய 4 மி.மீ. பாதுகாப்புக் கண்ணாடியைத் தவிர வேறெதையும் நான் ஏற்க மாட்டேன். பாலித்தீன் தாள் மலிவானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே குழல் குழலாக அறைகள் கொண்ட இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட் தகடு ஒளியைச் சிதறடித்துப் பரப்புவதால் இலைகள் கருகுவது குறையும், எளிதில் உடையாது, வெப்பத்தையும் கண்ணாடியைவிட நன்றாகப் பிடித்து வைக்கும். 4 மி.மீ. தகடு காற்றில் வளைந்து பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடக்கூடும். என்னுடையது 6 மி.மீ., காற்று மிகுந்த இடமானால் 10 மி.மீ. வரை போவதிலும் தவறில்லை.

பெட்டிகள் வந்து சேர்ந்ததும் சட்டங்களைப் பூட்டத் தொடங்கிவிடாமல், உதிரிப் பட்டியலோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, தரைச் சட்டம், பக்கச் சுவர், முக்கோண முகப்பு, கூரை, கதவு என்று தனித்தனிக் குவியலாகப் பிரித்து வைக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு சட்டங்கள் ஒரு துளையின் இடத்தில் மட்டும் வேறுபடுவது இந்தக் கிட்டுகளில் சாதாரணம். முன்கூட்டியே அளவாகச் செய்த உறுப்புகளைக் கொண்டுவந்து இடத்திலேயே பூட்டும் இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1851இல் லண்டன் ஹைடு பூங்காவில் எழுந்த பளிங்கு மாளிகை இரும்புச் சட்டங்களையும் ஒரே அளவுக் கண்ணாடிகளையும் கொண்டு இவ்வாறே பூட்டப்பட்டது. அதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன், தாவரங்களுக்காகக் கண்ணாடிக் குடில்கள் கட்டிப் பழகிய ஒரு தோட்டக்காரர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இனி அடித்தளம். மொத்த உழைப்பில் பாதியை இதற்கே கொடுத்தாலும் மிகையில்லை. குடிலின் ஒவ்வொரு உறுப்பும் ஆலையில் துல்லியமாக வெட்டப்பட்டது; தரை ஒரு மூலையில் சற்றே தாழ்ந்திருந்தாலும் அந்தக் கோணல் மேலே போகப் போகப் பெருகி, கடைசியில் கதவு தண்டவாளத்தில் ஓடாமலும் கண்ணாடி அதன் இடத்தில் அமராமலும் போகும். நீளமான ரசமட்டத்தை நாலு பக்கத்திலும், பிறகு குறுக்காகவும் வைத்துப் பார்க்க வேண்டும். மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று அறிய, கொத்தனார்கள் கையாளும் 3–4–5 கணக்கே (பக்கங்கள் 3, 4 என்றால் மூலைவிட்டம் 5) போதும். 6 அடிக்கு 8 அடி என்ற அளவுக்கு அது அப்படியே பொருந்துகிறது. மூலைவிட்டம் சரியாக 10 அடி வர வேண்டும். கிட்டின் உண்மையான வெளியளவு பெட்டியில் குறித்த அளவிலிருந்து சில விரற்கடை மாறியிருக்கும் என்பதால், எந்த அளவாயிருந்தாலும் இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. தரைச் சட்டத்தைப் பூட்டிய பிறகும், சுவர்களை நிறுத்திய பிறகும், கூரை ஏறிய பிறகும் இதைத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

அடித்தளத்தோடு குடிலைப் பிணைப்பது அதைவிடவும் முக்கியம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, தன் எதிரே நிற்கும் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தைத் தருகிறது. 8 அடி நீளமும் 5 அடி உயரமும் உள்ள பக்கச் சுவரின்மீது இது 90 கிலோவைத் தாண்டும். பல சிறிய கிட்டுகளின் முழு எடையே இதைவிடக் குறைவு. சரிந்த கூரையின் மேல் காற்று ஓடும்போது உண்டாகும் மேல்நோக்கிய இழுவிசை இதற்கு மேல் சேர்ந்துகொள்கிறது. மண்ணில் செருகும் சிறு முளைகளை நம்பாமல், சுற்றிலும் ஒரு காங்கிரீட் வரம்பு போட்டோ, குறைந்தது நான்கு மூலைகளிலும் நீளப் பக்கங்களின் நடுவிலும் காங்கிரீட் குழிகள் அமைத்தோ, தரைச் சட்டத்தைக் காங்கிரீட்டில் பதியும் ஆங்கர் போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். நடுத்தரையை மண்ணாகவே விட்டுவிடலாம். பாய்ச்சிய நீர் வடியவும், செடிகளை நேரடியாக நடவும் அது உதவும்.

சட்டகத்தைப் பூட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கைவிரலால் மட்டுமே திருகி வைக்க வேண்டும். முகட்டு உத்தரம் ஏறி, மூலைவிட்டங்கள் ஒத்து, தூக்குக்குண்டு நேர் காட்டிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். அலுமினியம் மென்மையானது, வேகமாக இறுக்கினால் மரை தேய்ந்துவிடும். போல்ட்டின் தலை சட்டத்தின் பள்ளத்துக்குள் வழுக்கிச் செல்லும் அமைப்புள்ள கிட்டுகளில், பின்னாளில் அலமாரியோ கொடிக்கம்பியோ மாட்ட விரும்பினால் அதற்கான உபரி போல்ட்டுகளை இப்போதே பள்ளத்தில் நுழைத்துவிட வேண்டும். சட்டங்கள் மூடிய பின் அவற்றுக்கு வழியிருக்காது. வெட்டு விளிம்புகள் கையைக் கிழிக்கும் என்பதால் தோல் கையுறை கட்டாயம் வேண்டும், உடன் பிடிக்க இன்னொருவரும் வேண்டும்.

தகடுகளை ஏற்றுவதற்குக் காற்றில்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். பாதிச் சுவர் மூடியும் பாதி திறந்தும் நிற்கும் குடில் கப்பற்பாயைப் போலக் காற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒரே மூச்சில் முடிக்க முடியாவிட்டால் தகடுகளை ஏற்றாமலிருப்பதே மேல். பாலிகார்பனேட்டின் ஒரு முகத்தில் மட்டுமே புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் பூச்சு இருக்கும். எது வெளிமுகம் என்று அதன் பாதுகாப்புத் தாளில் குறித்திருப்பார்கள். தாளை உரிப்பதற்கு முன் தகட்டின் ஓரத்தில் சிறு அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். பூச்சு உட்புறமாகப் போய்விட்டால் சில ஆண்டுகளிலேயே தகடு மஞ்சளாகி நொறுங்கும். குழல்கள் எப்போதும் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அப்போதுதான் உள்ளே படியும் ஈரம் வடியும். மேல் விளிம்பை அலுமினிய ஒட்டுநாடாவாலும், கீழ் விளிம்பை நுண்துளையுள்ள ஒட்டுநாடாவாலும் மூட வேண்டும். இல்லாவிடில் குழல்களுக்குள் பாசியும் எறும்பும் குடியேறும். இரண்டு மீட்டர் நீளத் தகடு 30 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 4 மி.மீ. நீள்கிறது, அலுமினியமோ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே நீள்கிறது. எனவே திருகு போகும் துளை திருகைவிடச் சில மி.மீ. அகலமாகவும், தகட்டின் விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையே சிறிது இடைவெளியும் இருக்க வேண்டும். இடுக்குகளை அடைக்கச் சிலிகோன் பசை பயன்படுத்துவதானால் புளிப்பு நெடி வீசாத நடுநிலை வகையையே வாங்குங்கள். மற்றது பாலிகார்பனேட்டில் நுண்விரிசல்களை உண்டாக்கக்கூடும்.

கூரையின் தாழ்ந்த விளிம்பான இறவாணத்தில் மழைநீரைச் சேர்க்கும் பீலி பொருத்த வசதியிருந்தால் விட்டுவிடாதீர்கள். 10 மி.மீ. மழை, 48 சதுர அடிக் கூரையிலிருந்து 40 லிட்டருக்கு மேல் நீரைத் தரும். வெயில் கடுமையான காலத்தில் நிழல்வலையைக் கூரைக்கு உட்புறம் கட்டாமல் வெளிப்புறம் விரிக்க வேண்டும். உள்ளே கட்டினால் வெப்பம் ஏற்கெனவே நுழைந்துவிட்டிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் உடனே செடிகளைக் குடியேற்றாமல், குறைந்த, உயர்ந்த வெப்பநிலைகளைப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றைச் செடிகள் நிற்கப்போகும் உயரத்தில், நேர்வெயில் படாதவாறு மாட்டி, சில நாட்கள் குடிலை வெறுமையாகவே விட்டுக் கவனிக்க வேண்டும். நண்பகலில் எவ்வளவு ஏறுகிறது, சாளரங்கள் திறந்தபின் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, இரவில் எங்கே நிற்கிறது என்ற விவரங்களைக் கொண்டுதான் நிழல்வலை எவ்வளவு, எந்த நாற்று முதலில் என்று முடிவெடுக்க இயலும். முதல் பலத்த காற்று வீசி ஓய்ந்தவுடன் ஸ்பேனரோடு உள்ளே சென்று ஒவ்வொரு நட்டையும் தகடுகளைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்கிவிடுங்கள்.