கொடிவேரி போற வழியில தகைவிலான் பாத்த கதை

கொடிவேரின்னா எல்லாரும் அணையில குளிச்சிட்டு மீன் வறுவல் சாப்ட்டுட்டு வந்துருவாங்க, நானும் ஃப்ரெண்டும் மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம வெடியால திருப்பூர்ல இருந்து அதுக்குத்தான் வண்டிய எடுத்தோம். குன்னத்தூர் வழியா கோபி வந்து, அங்கிருந்து சத்தி ரோட்டப் புடிச்சா கொஞ்ச நேரத்துல அணை. ஆனா நாங்க போய்ச் சேர்றப்ப மத்தியானமே ஆயிருச்சு.

காரணம் கரண்ட் கம்பிங்க. வயலுக்கு நடுவுல போற கம்பி பூராம் தகைவிலான் குருவிங்க வரிசையா உக்காந்திருக்கு. முதுகு கருநீலம், வெயில் பட்டா பளபளங்குது, நெத்தியும் தொண்டையும் செங்கல் கலரு, அதுக்குக் கீழ கழுத்துல ஒரு கருப்புப் பட்டை, வாலு ரெண்டாப் பொளந்து கெடக்குது. இது நம்மூர்க் குருவி இல்லீங்க, இமயமலைப் பக்கமும் அதுக்கு வடக்கயும் கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சுட்டு புரட்டாசி ஐப்பசி வாக்குல இங்க வரும், பங்குனி சித்திரையில கெளம்பிரும். இங்க இருக்கறப்பதான் பழைய எறகக் கொட்டிப் புதுசா மொளைக்க விடும், அதான் சிலதுக்கு வாலு நீளமாவும் சிலதுக்கு அரைகொறையாவும் இருந்துச்சு. குளிர் தாங்காமத்தான் வருதுன்னு பலபேர் சொல்றாங்க, அதவிட சோத்துப் பிரச்சினைதான் பெருசு, பறக்கற பூச்சிய மட்டுமே நம்பிப் பொழைக்கற குருவி பூச்சியே இல்லாத ஊர்ல பனிக்காலத்துல என்ன பண்ணும்? தடப்பள்ளி வாய்க்கால் பாயற நெல்லு வயல்ல கொசுவுக்கும் ஈக்கும் என்ன பஞ்சம்.

அப்பறம் வாய்க்கால் மேல ஒரு சின்னப் பாலம், அங்கதான் நெசமாவே மாட்டிக்கிட்டோம். கம்பிவால் தகைவிலான் ஒரு ஜோடி. இது வருசம் பூரா நம்மூர்லயே இருக்கறது. தலையில செம்பழுப்புத் தொப்பி, தொண்டையில இருந்து அடிவயிறு வரைக்கும் சுத்த வெள்ளை, வால்ல ரெண்டு எறகு மட்டும் நூல் கனத்துக்கு நீண்டு போகுது, சேவலுக்குத்தான் அது நீளம், பொட்டைக்குக் கம்மி. பறந்துட்டே வந்து வாயத் தொறந்து தண்ணிய ஒரு இழு இழுத்துட்டு நிக்காமப் போகுது பாருங்க!

பாலத்துக்கு அடியில எட்டிப் பாத்தா கூடு, சட்டியப் பாதியா ஒடச்சு செவுத்துல ஒட்டி வெச்ச மாதிரி. கரையோரம் எறங்கி ஒரு வாய் சேத்து மண்ண உருட்டி எடுத்துட்டு வந்து, விளிம்புல வெச்சு அலக ஆட்டி ஆட்டி அமுக்குது. அடி வரிசை வெளுத்துக் காஞ்சு போயிருக்கு, மேல் வரிசை இன்னும் கருப்பா ஈரமா இருக்கு.

அந்தப் பக்கம் மாடு ஓட்டிட்டு வந்த ஆத்தா ஒருத்தங்க, "ஏஞ்சாமி, அங்க என்னத்த உத்துப் பாக்கற?"ன்னாங்க. "குருவிக் கூடுங்காத்தா"ன்னேன். "அதா, அது வருசா வருசம் அங்கதான் கட்டும், நாங்க யாரும் கலைக்கறதில்ல சாமி"ன்னு சொல்லிட்டு மாட்ட அதட்டிட்டுப் போய்ட்டாங்க.

எனக்கு ஒண்ணு தோணுச்சு. இந்தக் குருவிக்கு கான்கிரீட் வேணும், ஏன்னா பாலத்துக்கு அடியிலதான் மழை படாம கூடு நிக்கும். ஆனா கரை மண்ணா இருக்கோணும், இல்லேன்னா சேத்துக்கு எங்க போகும்? கீழ்பவானி வாய்க்கால் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் ஓடுது, அதுக்கு கான்கிரீட் போடறதுல விவசாயிங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி, கசிவுத் தண்ணிய நம்பிக் கெணறு வெச்சிருக்கறவங்க வேண்டாங்கறாங்க, கடைமடைக்காரங்க வேணுங்கறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் நாயம் இருக்குது, நான் அதுல தலையிடல, குருவிய யாருங் கேக்கப் போறதில்லன்னு மட்டும் எழுதி வெக்கறேன்.

பனைமரத்தச் சுத்தி சின்னதா கருப்பா பறக்கறத தகைவிலான்னு நெனச்சுறாதீங்க, அது பனை உழவாரன், அதோட காலுக்குக் கம்பில உக்காரவே வராது.

போறவங்க காலைல ஒம்பதுக்குள்ள போயிருங்க, கூட்டுக்குக் கிட்டப் போய் ஃப்ளாஷ் அடிக்காதீங்க, வண்டியப் பாலத்து மேல நிறுத்தாதீங்க, கரும்பு லாரி வரும்.