டோர்ட்டியாவை நிறுத்தச் சொல்லாத வகுப்பு

டெக்சாஸில் சமூக சுகாதாரப் பணியாளராகச் சான்றிதழ் வாங்க ஒரு வழி, 160 மணி நேரப் பயிற்சியை முடிப்பது. 1999லேயே இந்தப் பணிக்குச் சட்டம் போட்ட மாநிலம் இது. சான் அன்டோனியோவில் எங்களை ‘ப்ரோமோத்தோரா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் நான் படித்தது ஊட்டச்சத்து. கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, படித்தது வீணாகக் கூடாது என்றுதான் பயிற்சியில் சேர்ந்தேன். சான் அன்டோனியோ மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்ட குடும்பங்கள். அதனால் ஸ்பானிஷ் கற்காமல் இந்த வேலைக்கு வருவதில் அர்த்தமே இல்லை. மாலை வகுப்புக்குப் போய் அதையும் கற்றேன்.

பயிற்சியில் எட்டுத் திறன்கள் என்று பிரித்துச் சொல்லித்தருவார்கள். பேசுவது, கற்பிப்பது, குடும்பத்துக்காக அலுவலகங்களில் வாதாடுவது எல்லாம் அதில் அடக்கம். தேறிவிடலாம், பெரிய கஷ்டமில்லை. உண்மையான படிப்பு, குழந்தைகளின் உடல் பருமனைத் தடுக்கும் குடும்ப வகுப்பு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்ட பிறகுதான் ஆரம்பித்தது.

அந்த வகுப்பு ஏன் தேவைப்பட்டது என்றால், அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 முதல் 2020 மார்ச் வரை எடுத்த கணக்கில், 2 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 19.7 சதவீதம் பேருக்கு உடல் பருமன். ஹிஸ்பானிக் குழந்தைகளை மட்டும் எடுத்தால் அது 26.2 சதவீதம். இதைப் பார்த்ததும் “அவர்கள் சாப்பாடே சரியில்லை” என்று முடிவு கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பானையில் வேகும் பின்ட்டோ பீன்ஸ், பூசணி, மிளகாய், முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல், சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோளத்தில் சுடும் டோர்ட்டியா ரொட்டி: இதில் என்ன குறை? அந்தச் சுண்ணாம்பால் சோளத்தில் கால்சியம்கூடக் கூடுகிறது. குறை வந்து சேர்வது சோடாவிலும், இரண்டு ஷிஃப்ட் வேலை முடிந்து வரும் வழியில் கார் ஜன்னல் வழியாக வாங்கும் சாப்பாட்டிலும், பிள்ளைகள் ஓடி விளையாட நிழலான நடைபாதைகூட இல்லாத தெருக்களிலும்.

வகுப்பை நடத்தியவர் பல வருஷ அனுபவமுள்ள மெக்சிகோ அம்மா. முதல் நாளே, ஒரு மருத்துவமனை கொடுத்திருந்த கையேட்டுக் கட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அச்சிட்டது ஸ்பானிஷில்தான். ஆனால் உள்ளே கேல் கீரை, கீன்வா தானியம், கொழுப்பு நீக்கிய தயிர். அந்தத் தெருவில் எந்த அடுப்பிலும் ஏறாதவை.

அப்புறம் வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்க வேண்டும். கதவு திறப்பதே பெரிய விஷயம். உணவு உதவி வாங்கினால் கிரீன் கார்டுக்கு ஆபத்து என்ற விதி 2019ல் அறிவிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் அது போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் உணவு தரும் விக் திட்டம் அந்த விதியில் எப்போதும் சேர்க்கப்படவே இல்லை. அதை வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னோம். எங்கள் படிவத்தில் குடியுரிமை பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. படிவத்தைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் சிலர் உள்ளே வரச் சொன்னார்கள்.

வகுப்பு சர்ச் கூடத்தில், வேலை முடிந்த நேரத்தில். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு, இரண்டும் உண்டு. இவை இல்லையென்றால் யாரும் வர முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், உடல் பருமன் உள்ள குழந்தைக்கு 3 முதல் 12 மாதத்துக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது குடும்பத்தோடு நேரில் உட்கார வேண்டும் என்கிறது. கூரை வேலைக்குப் போகும் அப்பாவுக்கும் ஹோட்டல் அறை துடைக்கும் அம்மாவுக்கும் 26 மணி நேரம் என்பது சும்மா இல்லை.

ஆனால் அந்த வீடுகளில் பகலில் சமைப்பது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பாட்டி. அதனால் எங்கள் வகுப்பில் பாட்டி வந்தே ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஆசிரியை பிடிவாதமாக இருந்தார். அது எவ்வளவு சரி என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு பாட்டி முதல் வாரம் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “மெலிந்த குழந்தைகளைப் பறிகொடுத்த ஊரிலிருந்து வந்தவள் நான். என் பேரன் கொழுகொழுவென்று இருக்கிறான். அதில் உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்டார். கூடமே அமைதியாகிவிட்டது. எங்கள் ஆசிரியை அட்டவணையையோ எண்களையோ எடுக்கவில்லை. “உங்களைப் போன்றவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியதால்தான் நாங்கள் இருக்கிறோம், தோன்யா (பெரியம்மா என்பது போன்ற மரியாதைச் சொல்). அடுத்த வாரம் உங்கள் பீன்ஸை எங்களுக்குச் செய்து காட்டுவீர்களா?” என்றார். பாட்டி வந்தார், தன் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு. பன்றிக்கொழுப்பில் வதக்கி மசிப்பதற்கு முன்னால், பானையில் வெந்த நிலையிலேயே வெங்காயம், கொத்தமல்லி தூவி எல்லோருக்கும் கொடுத்தார். சின்ன வயதில் அவர் வீட்டில் அப்படித்தானாம், கொழுப்பு வாங்கக் காசு இருக்காதாம்.

பானங்களுக்கு என்று ஒரு நாள் வைத்தோம். 355 மில்லி கோலா டப்பா ஒன்றில் 39 கிராம் சர்க்கரை. அமெரிக்க இதயச் சங்கம் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்குச் சொல்வதே 25 கிராமுக்குக் கீழே. ஒரு அம்மா ஸ்பூனால் அள்ளி அள்ளிக் கண்ணாடித் தம்ளரில் போட்டார். பத்தாவது ஸ்பூனில் நிறுத்திவிட்டு, தம்ளரைத் தன் மகனிடம் கொடுக்காமல் கணவரிடம் கொடுத்தார். வீட்டுக்கு சோடா வாங்கி வருகிறவர் அவர்தான்.

அன்றைக்கே புளித் தண்ணீரும் செய்தோம். அகுவா தெ தமரிந்தோ. ஓட்டை உடைத்து, நார் எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, கையால் பிசைந்து வடிகட்ட வேண்டும். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே! நான் பிசைவதைப் பார்த்த அதே பாட்டி எழுந்து வந்து, “உனக்கு இது எங்கே பழக்கம்?” என்றார். எங்கள் வீட்டில் தினமும் குழம்புக்கு, ரசத்துக்குப் புளி கரைப்போம் என்றேன். அன்றிலிருந்து என் பக்கத்தில்தான் உட்காருவார். ஜாடிக்கு ஒரு கப் சர்க்கரை என்பதைப் பாதியாக்கியது அவர் யோசனை. பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். பழகட்டும் என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு இன்னும் குறைத்தார்.

எடை, உயரம் பார்ப்பது தனியறையில், பெற்றோரோடு மட்டும் பேச்சு. உயரத்துக்கேற்ற எடையை ஒரே வயது, ஒரே பாலினப் பிள்ளைகளோடு ஒப்பிடும் வளர்ச்சி அட்டையில், நூறு பேரில் 85 பேரைத் தாண்டினால் அதிக எடை, 95ஐத் தொட்டால் உடல் பருமன். பிள்ளையின் காது கேட்க ‘குண்டு’ என்ற சொல் வரவே கூடாது. வளரும் பிள்ளை பெரும்பாலும் எடையைக் குறைக்கவே வேண்டாம். எடை அப்படியே நின்று உயரம் கூடினால் அட்டையில் கோடு தானாக இறங்கும். இதைச் சொன்னதும் பல அம்மாக்களின் தோள் தளர்வதைப் பார்ப்பேன். பட்டினி போடச் சொல்லப்போகிறோம் என்று பயந்தே வந்திருப்பார்கள்.

எல்லா ஹிஸ்பானிக் குடும்பமும் மெக்சிகோக் குடும்பம் அல்ல. எல் சால்வடோர் வீட்டில் புபூசா என்ற பூரணம் வைத்த சோள ரொட்டி, புவர்டோ ரிக்கோ வீட்டில் துவரைபோட்ட சோறு. ஒரே பாடத்தை எல்லோருக்கும் நடத்த முடியாது. டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய போசாதா பண்டிகை வரும்போது வகுப்பே வைப்பதில்லை. சோள மாவில் பூரணம் வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் தமாலே சாப்பிடுகிற நாளில் தமாலே சாப்பிட வேண்டும்.

எனக்கு வருத்தம் ஒன்றில்தான். இந்த வகுப்புகள் மானியத்தில் ஓடுகின்றன. பணம் தருகிறவர்கள் சில மாதத்தில் எடைக் கணக்கைக் கேட்கிறார்கள். ஒரு பிள்ளையின் வளர்ச்சிக் கோடு திரும்ப அதைவிடக் காலம் பிடிக்கும். அதற்குள் பணம் நின்றால், கதவைத் திறந்தவர்கள் மறுபடி மூடிவிடுவார்கள். சோடா நின்றதா, பானையில் பீன்ஸ் வேகிறதா, பாட்டி தொடர்ந்து வருகிறாரா என்பதையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்த சுற்று மானிய விண்ணப்பத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். சம்பளப் பட்டியலில் இந்த முறை ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: சமையல் சொல்லித்தரும் பாட்டிகளுக்கு, மணிக்கணக்கில் ஊதியம்.