அபாயச் செய்தி முதலில் யாருக்குப் போக வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த எங்கள் தோட்டத்து வரிசையில், விளக்கெரியும் வீடுகளில் பாதிக்கு மேல் முதியவர்கள்தாம் இருக்கிறார்கள். பால்மரம் சீவியும், பின்னர் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள்; பிள்ளைகளோ ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வேலை கிடைத்த இடத்தில் குடியமர்ந்துவிட்டார்கள். என் பெரியம்மாவும் அப்படித் தனித்து வாழ்பவர். இனிப்பு நீரும் (நீரிழிவு) இரத்த அழுத்தமும் உள்ளவர். அவருடைய நாடித்துடிப்பைக் கவனித்து, அவர் விழுந்தால் அதை அறிந்து, வேண்டியவர்களுக்குச் செய்தி அனுப்பும் கைப்பட்டை ஒன்றைச் செய்துவருகிறேன். இவ்வேலையில் இறங்குவோர் எல்லாரும் எந்த உணரியை (சென்சாரை) வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கடையிலேயே விடை கிடைத்துவிடும். செய்தி யாரிடம், எந்த வழியாக, எந்த வரிசையில் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு நாம்தான் விடை தேட வேண்டியிருக்கிறது.

கருவியை இயக்குவது ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிச் சில்லு. நாடியை அளக்கும் மேக்ஸ்30102 உணரி, 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 880 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் தோலுக்குள் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. ஆக்சிஜன் ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் இவ்விரு ஒளிகளை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. இந்த வேறுபாட்டைக் கொண்டு ஆக்சிஜன் அளவை அறியும் முறையை ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் அறிமுகப்படுத்தினார். இந்த உணரி பொருத்திய மலிவான மின்சுற்றுப் பலகை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலவற்றில் தரவுக் கம்பிகளின் மின்தடைகள் 1.8 வோல்ட்டுடன் இணைக்கப்பட்டிருக்கும், 3.3 வோல்ட்டில் இயங்கும் சில்லுக்கு அந்தக் குறிகை (சிக்னல்) எட்டாமல் போகலாம். அதே உணரியில் உள்ள வெப்பமானி தன் சில்லின் சூட்டைத்தான் அளக்கிறது; அதைக் காய்ச்சலின் அளவாகக் கொள்ளக் கூடாது.

ஆக்சிஜன் எண்ணைத் திரையில் காட்டுகிறேனே ஒழிய, அதை நம்பி அபாயச் செய்தி அனுப்புவதில்லை. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, மருத்துவமனையில் பயன்படும் விரல் கருவிகளே கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மும்மடங்கு அதிகமாகக் கவனிக்கத் தவறின என்று காட்டியது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் உழைத்துக் கருத்த தோலின் மேல், அதுவும் மணிக்கட்டில், என் கருவி அதைவிடச் சரியாக அளக்கும் என்று எண்ண எனக்கு எந்தக் காரணமும் இல்லை. நாடித்துடிப்பிலும் பொதுவான எல்லை உதவாது. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில நாடியை மெதுவாக்கும். அவற்றை உண்பவருக்கு நிமிடத்துக்கு 55 என்பது வழக்கமான எண்ணாக இருக்கலாம். ஆகவே அவரவர் ஓய்வு நாடியை முதலில் பதிந்துகொண்டு, அதிலிருந்து வெகுவாக விலகி, அந்த விலகல் சில நிமிடங்கள் நீடித்தால் மட்டுமே கருவி எச்சரிக்கிறது.

விழுவதை அறியும் வேலை, அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியுடையது. அசையாமல் இருக்கையில் அது 1 ஜி, அதாவது புவியீர்ப்பின் அளவைக் காட்டும். உடல் சாயும்போது அந்த எண் சரிந்து, தரையில் மோதும் கணத்தில் திடீரென உயரும். இந்த உயர்வை மட்டும் பார்த்தால், பெரியம்மா துணியைக் கல்லில் அடித்துத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் ஊரே கூடிவிடும். எனவே சரிவு, மோதல், அதன் பின் அசைவின்மை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டும் என்று நிரலில் எழுதியிருக்கிறேன். மூன்றும் வந்த பிறகும் கருவி 30 விநாடி அதிர்ந்து ஒலிக்கும். நலமாக இருப்பவர் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். கண்ணாடி இல்லாமல் தடவிப் பார்த்தே கண்டுகொள்ளும்படி, அந்தப் பொத்தானைப் பெரியதாகவும் மேடாகவும் வைத்தேன்.

இனி செய்தியின் வழி. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டதால், கருவியைக் கைப்பேசி வலையில் இணைக்கும் பழைய 3ஜி தொகுதிகளை (மாட்யூல்) மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கக் கூடாது. நான் 4ஜி தொகுதியை வைத்தேன். என்றாலும், செம்பனை மரங்களுக்கு நடுவே இணையம் தடுமாறும் இடங்களில் புலனத்தை (வாட்ஸ்அப்) நம்பாமல் குறுஞ்செய்தியைத்தான் முதலில் அனுப்புகிறேன்.

யாருக்கு என்று வரும்போது பாசம் குறுக்கே வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், முதல் எண் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றான். அவன் பதறலாம்; கதவைத் திறக்க முடியாது. பெரியம்மாவோ, "பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்டதான் சாவி இருக்கு, அவளுக்குச் சொன்னா போதாதாய்யா?" என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டார். இப்போது முதல் எண் சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டுப் பெண்ணுடையது, இரண்டாவது கார் வைத்திருப்பவருடையது, மகன் மூன்றாமவன். செய்தி பெற்றவர் 1 என்று பதில் அனுப்ப வேண்டும். இரண்டு நிமிடத்தில் பதில் இல்லாவிட்டால் செய்தி அடுத்தவருக்குத் தாவும். அதிலேயே மலாயில் சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன்: தோட்டத்தின் பெயர், எந்த முச்சந்தியில் திரும்ப வேண்டும், கோயிலுக்குப் பின்னால் எத்தனையாவது வீடு, என்னென்ன நோய், என்ன மருந்து. லயத்து வீட்டுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, தெருப் பெயர் கிடையாது. 999ஐ அழைப்பவர் பதற்றத்தில் தேடாமல் அந்த வரிகளை அப்படியே படித்துவிடலாம்.

சர்க்கரையையும் இதில் சேர்க்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்கள் இணையத்தில் விற்கின்றன. அப்படிப்பட்ட கடிகாரம் எதற்கும் தான் அனுமதி அளித்ததில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்வது உயிருக்கே உலை வைக்கும். காசு கொடுக்கிறோம், எங்களுக்கும் ஒன்று செய்து தா என்பவர்களுக்கும் மறுப்புத்தான் சொல்கிறேன். மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டத்தின்படி, இத்தகையவற்றை முறையாகப் பதிவு செய்த பிறகே விற்கலாம்.

மின்னேற்றும் நேரமும் யோசித்து வைக்க வேண்டியதுதான். குளிக்கப் போகும்போது கழற்றி வைப்பது எல்லாருக்கும் இயல்பு. ஆனால் வழுக்கி விழும் இடம் அந்தக் குளியலறைதான். அதனால் தண்ணீர் புகாத கூட்டுக்குள் கருவியை அடைத்து, இரவுத் தொடர்நாடகம் ஓடும் நேரத்தில், பெரியம்மா நாற்காலியில் அமர்ந்திருக்கையில் மட்டும் மின்னேற்றச் சொல்லியிருக்கிறேன். மாதத்தின் முதல் நாள் எல்லா எண்களுக்கும் ஒரு சோதனைச் செய்தி தானாகவே போகும். கைப்பேசி எண்ணை மாற்றியவர் யார், பதில் சொல்ல மறந்தவர் யார் என்பது அன்று தெரிந்துவிடும்; பட்டியலை அன்றே திருத்திவிடுகிறேன்.