ஆயா பேசாத ஏழு விநாடி

உள்ளூர் மக்களுக்காக நடத்தும் சின்ன எஃப்.எம். நிலையமான சமுதாய வானொலியில் நிகழ்ச்சி செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆர்.ஜே. வேலை என்றுதான் நினைத்துப் போனேன். சம்பளம் கிடையாது, பஸ் காசு மட்டும் என்றதும் வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்குத் தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஈ ஓட்டத்தான் வேண்டும் என்பதால் உட்கார்ந்திருந்தேன். வேறு பெரிய லட்சியமெல்லாம் இல்லை.

பயிற்சி நாலு சனிக்கிழமை. முதல் நாள் முழுக்கச் சட்டம். காற்றலை பொதுச்சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒலிபரப்பு தொடங்கியது, 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார் பயிற்சியாளர். எனக்குத் தூக்கம் கலைந்தது ஒரே இடத்தில்தான். ஆல் இந்தியா ரேடியோ செய்தியை வாங்கிப் போடலாமாம். நாமே செய்தி வாசிக்கக் கூடாதாம், அரசியல் பேசக் கூடாதாம்.

"எங்க ஏரியாவுல டீ குடிச்சாலே அரசியல்தான் சார்" என்றார் பின்வரிசையில் இருந்த ஒரு அண்ணன். அவர் சொன்னது தப்பில்லை. 1918-ல் தொழிற்சங்கம் பிறந்த பெரம்பூர் இந்தப் பக்கம். 1949-ல் தி.மு.க. தொடங்கிய ராபின்சன் பார்க் அந்தப் பக்கம். அந்தப் பார்க்கில் 1930-களில் மாநகராட்சி ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே ரேடியோ கேட்க வைத்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

எங்கள் குழுவுக்குக் கொடுத்த தலைப்பு 'மக்களாட்சியும் மன உறுதியும்'. இந்தத் தலைப்பைக் கேட்டு எவன் சேனலை மாற்றாமல் இருப்பான்? ஆனாலும் அதில்தான் செய்தாக வேண்டும். எர்ணாவூரில் மீன் விற்கும் ஆயா ஒருவர் எங்கள் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வருவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோது அவர் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. அவரிடம் கேட்டேன். "இன்னா கேக்கணுமோ கேளு கண்ணு, போட்டோ மட்டும் வேணாம்" என்றார். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினோம்.

முதல் பதிவு மொத்தமும் குப்பை. வீட்டுக்குள் ஃபேன், வெளியே கன்டெய்னர் லாரி. வியர்வைக்குப் பயந்து ஃபேனை நிறுத்தாமல் விட்டது என் தப்பு. ஹெட்போனில் கேட்டால் ஆயா பேசுவது கொதிக்கிற உலைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அதைவிட மோசம் என் கேள்விகள். "இவ்வளவு கஷ்டத்தையும் எப்படித் தாங்கிக்கிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறேன். "இன்னா பண்றது, கடவுள் வுட்ட வழி" என்று ஒரு வரி வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரும் வேறு பதில் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது தடவை ஃபேன் கிடையாது, ஜன்னலில் போர்வை கட்டினோம். ரெக்கார்டரை அரிசி டப்பா மேல் வைத்தேன். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். பேசுவதற்கு முன்பு அரை நிமிடம் வெறும் அறையின் சத்தத்தை மட்டும் பதிந்துகொண்டோம். வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் நிரப்ப அது வேண்டும். அப்புறம் கேட்டேன்: "தண்ணி உள்ள வந்தப்போ முதல்ல எதத் தூக்கினீங்க?"

"ரேஷன் கார்டு. அப்பால தராசு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க வூட்டுக்காரர் போட்டோவ எடுக்கல. மறந்துட்டேன்" என்றார். அதன் பிறகு பேசவில்லை. நான் வாயைத் திறக்கப் போக, பக்கத்திலிருந்த தோழி என் தொடையைக் கிள்ளினாள். வெளியே குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். பிறகு ஆயாவே தொடங்கி, ஆறாயிரம் ரூபாய் நிவாரணத்துக்கு டோக்கன் வாங்க நின்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மக்களாட்சிக்கு வருவதற்காக, கிராம சபை மாதிரி நகரத்தில் பகுதிவாரியாகக் கூடும் ஏரியா சபை பற்றிச் சொன்னேன். உங்கள் பகுதியில் ஓட்டு இருக்கிற எல்லாரும் அதில் உறுப்பினர்தான் என்றேன்.

"நானா? உறுப்பினரா?"

"ஆமா ஆயா."

"எத்தினி வருசமா?"

2022-லிருந்து என்றதும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏய், நாம உறுப்பினராமே, யாராச்சும் சொன்னாங்களா?" என்று கத்தினார். லெவல் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஒலி கொஞ்சம் பிசிறினாலும் அதை வெட்ட மனசு வரவில்லை.

நாற்பத்தெட்டு நிமிடத்தைப் பன்னிரண்டாக்க மூன்று ராத்திரி. அதற்குப் பிறகு நிலையத்தில் கேட்டுப் பார்க்கும் குழு. கட்சிப் பெயர் வந்த இரண்டு இடம், ஒரு பிரமுகர் பெயர், எல்லாம் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை, விதி தெரிந்ததுதான். கால்வாய் ஏன் தூர்வாரவில்லை என்று ஆயா கேட்டதையும் எடுக்கச் சொன்னார்கள். அதுதான் எரிச்சல். சாக்கடை எப்போது அரசியலானது? கட்சி, ஆள் யார் பெயரும் இல்லை, தெருப் பிரச்சினைதானே என்று எழுதிக்கொடுத்து வாதாடியதில் அது தப்பித்தது. அடுத்தது அந்த அமைதி. ஏழு விநாடி. "ரேடியோவுல ஏழு விநாடி சத்தம் இல்லன்னா நிலையம் நின்னுபோச்சுன்னு நினைப்பாங்க, மூணாக்குங்க" என்றார்கள். சத்தம் இருக்கிறது, குடத்தில் தண்ணீர் விழுகிறது, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு சரி என்றார்கள்.

ஒலிபரப்பு புதன்கிழமை சாயங்காலம். நூறு வாட் டிரான்ஸ்மிட்டர்தான், ஆயா தெருவில் எடுக்குமோ எடுக்காதோ என்று பயம். பழைய பட்டன் போனில் இயர்போன் ஒயரைச் செருகினால் அதுவே ஆன்டெனா, நன்றாகவே எடுத்தது. ஆனால் அந்த நேரத்தில் ஆயா மீன் கூடையோடு தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒலிபரப்பியதை மூன்று மாதம் நிலையத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்கி, பென்டிரைவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ப்ளூடூத் ஸ்பீக்கரோடு போனேன்.

தெருவே கூடிவிட்டது. 'உறுப்பினரா' என்ற இடத்தில் ஒரே சிரிப்பு. கால்வாய் வந்தபோது, "கரெக்டா கேட்ட" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் போட்டோ மறந்த கதை வந்தது, அதன் பின்னால் நான் சண்டை போட்டு வாங்கிய ஏழு விநாடி.

ஆயா ஸ்பீக்கர் தலையில் ரெண்டு தட்டு தட்டி, "இன்னா கண்ணு, நின்னுபோச்சா?" என்றார்.