கிரிஸ் சரி, எந்த ஊர்க் கிரிஸ்?

சென்னையில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது, பரணிலிருந்து கிரிஸ் என்னும் தென்கிழக்காசியக் குத்துவாளோ பெயர் தெரியாத வேறொரு கீழ்த்திசைக் கத்தியோ வெளிப்படுவதுண்டு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்து திரும்பியவர்கள், 1942இல் ரங்கூனை விட்டுப் புறப்பட்டு வந்தவர்கள் என்று அதற்குக் காரணமான குடும்பங்கள் இங்கே பல. தாத்தா பர்மாவில் இருந்தார், ஆகவே இது பர்மாக் கத்தி என்பார்கள். வீட்டார் சொல்வதை நான் கவனமாகக் குறித்துக்கொள்வேன். ஆனால் கத்தி வாங்கப்பட்ட ஊரை மட்டுமே அது சொல்லும், அடித்த பட்டறையைச் சொல்லாது. கைமாறும்போது பிடியும் உறையும் மாறிவிடுவது சாதாரணம் என்பதால், அலகு, பிடி, உறை மூன்றையும் தனித்தனிச் சாட்சிகளாகவே விசாரிக்க வேண்டும்.

புரசைவாக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்த கிரிஸ் இதற்கு நல்ல உதாரணம். பிடி, நீண்ட மூக்குடன் மீன்கொத்தித் தலை போலச் செதுக்கப்பட்டது; மலாய்த் தீபகற்பத்தின் பட்டானி, கிளந்தான் பக்கத்து வேலைப்பாடு. மெல்லத் திருகியதும் அது கழன்று வந்தது. கிரிஸின் காம்பில், அதாவது பிடிக்குள் நுழையும் அலகின் அடிப்பகுதியில், துணியோ நூலோ சுற்றி இறுக்கிப் பிடியைப் பொருத்துவதுதான் வழக்கம். அலகோ விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தது, கறுத்த இரும்பினூடே நிக்கல் கலந்த இரும்பு வெளிர்க்கோடுகளாக ஓடியது. எலுமிச்சைச் சாற்றில் பாஷாணம் (ஆர்செனிக் நஞ்சு) கலந்து கறுப்பேற்றும் ஜாவா முறை அது. பாலித் தீவின் அலகுகள் பொதுவாக இன்னும் பெரியவை, மேற்பரப்பும் வழவழப்பானது. ஆக, மலாய்ப் பிடிக்குள் இருந்தது ஜாவா அலகு. (பிரம்பனான் அருகே கிடைத்த விண்கல்லின் இரும்பைச் சுரகார்த்தா அரண்மனைக் கொல்லர்கள் இந்தக் கோடுகளுக்குப் பயன்படுத்தினார்கள் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் செய்தி.)

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ, சூலு தீவுகளின் மோரோ மக்களுடைய கிரிஸ் குத்துவதற்கு மட்டுமன்றி வெட்டுவதற்கும் ஆனது. கனமும் அகலமும் கூடியது. அலகைப் பிடியோடு கவ்வி நிற்கும் உலோகப் பட்டைகளும், பிடியின் உச்சியில் கொண்டைக்கிளித் தலையும் அதைக் காட்டிக்கொடுக்கும். அலகின் மேற்பகுதியில் தனித் துண்டாகப் பொருத்தப்படும் குறுக்குப் பட்டையையும் உற்றுப் பார்க்க வேண்டும். பிற்கால மோரோ கிரிஸ் பலவற்றில் அந்த இணைப்பு வெறும் கீறல் கோடாகவே இருக்கும்.

போர்னியோவின் வெட்டுக்கத்தியான மண்டாவை அடையாளம் காண விரலே போதும். அலகின் ஒரு முகம் லேசாகக் குழிந்தும் மறு முகம் புடைத்தும் இருந்தால் அது டயக் மக்களின் கைவேலை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். வட சுமத்திராவில் உள்ள அச்சேயின் குத்துவாளான ரெஞ்சோங், வளைந்து திரும்பும் பிடியாலேயே தெரிந்துவிடும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் வாள்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுமத்திராவின் பீசோ போடாங் என்னும் வாள் இந்திய வாளாகவே படும். பிடியின் உச்சியில் தட்டையான வட்டத்துக்குப் பதிலாக ஆழ்ந்த கிண்ண வடிவம் இருப்பதைக் கண்டால்தான் விவரம் புரியும்.

மிகவும் கடினமானது, கைக்காப்பு இல்லாத நீண்ட உருளைப் பிடி கொண்ட தா என்னும் வாள். பர்மியர், ஷான், சயாமியர், லாவோ மக்கள் அனைவருக்கும் அது பொதுவானது. இன்றைய எல்லைக்கோடுகளை அதன்மீது பொருத்திப் பார்ப்பது தவறான வழியிலேயே கொண்டுபோய் விடும். கறுத்த அலகில் வெள்ளி இழைத்த கதைக்காட்சிகள் இருந்தால் பர்மா என்பேன். அவை இல்லாதபோது இனத்தையும் வட்டாரத்தையும் ஊகமாக மட்டுமே குறிப்பேன்.

இவ்வளவு நுட்பமான தடயங்களை ஆயுத பூஜைக்கு முன்தினம் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய வருத்தம். தேய்த்த ஜாவா அலகில் கறுப்பும் கோடுகளும் மங்கிவிடும். பாலியா ஜாவாவா என்ற கேள்விக்கு அதன்பிறகு பதில் கிடைப்பது அரிது. நம் கடற்காற்றுக்குத் தையல் மிஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் போதும். பாஷாணம் ஏறிய அலகைத் தொட்டபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். பிடி கழன்றால் ஒட்டிவிடாமல், காம்பையும் அதில் சுற்றியிருக்கும் துணியையும் முதலில் படம் எடுத்து வையுங்கள்.